பொண்ணு அலங்காரம், பன்னெண்டாயிரம்

வாரத்துக்கு ஒரு பொண்ணாவது என் கடைக்கு வந்து இந்தக் கேள்வியக் கேட்டுரும். புருவம் எடுக்க வந்த மாதிரி நாற்காலியில உக்காந்து, நூல் ஓடுறப்ப கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "அக்கா, பியூட்டீசியன் கோர்ஸ் படிச்சா போட்ட காசை எடுத்துரலாமா?"ன்னு கேக்கும். பின்னாடி பெஞ்சுல அதோட அம்மா கைப்பையை மடியில வச்சுக்கிட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கும். கேள்வி அந்த அம்மாவோடதுன்னு எனக்குத் தெரியாதா என்ன?

நான் எதையும் மறைக்க மாட்டேன். பீஸ் எம்புட்டு, மேக்கப் பெட்டிச் சாமான் எம்புட்டு, படிச்சு முடிச்சதும் எவளும் தூக்கி நாற்காலியில உக்கார வைக்க மாட்டா, ஒரு வருசத்துக்குக் கூட்டிப் பெருக்குற சம்பளம்தான் வரும்னு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சிருவேன். எனக்குப் போட்ட காசு திரும்ப மூணு வருசம் ஆச்சு. அதையும் சொல்லிருவேன். சொல்லி முடிச்சு, "உங்க வகையறாவுல, சொந்தபந்தத்துல, எம்புட்டுப் பேரு?"ன்னு கேப்பேன். அந்த அம்மா முழிக்கும். படிப்புக்கும் வகையறாவுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்கும்.

ஆத்தி, அதுலதான எல்லாமே இருக்கு!

எங்களுக்கு ஊரு திருவாதவூர். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலு, ரெண்டு மாடு. நான் பஸ் ஏறி வந்து பி.காம். முடிச்சேன். முடிச்சவளுக்குக் கிடைச்சது ஜவுளிக்கடையில பில் போடுற வேலை. காலையில ஒன்பதுல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் நின்னுக்கிட்டே பில் போடணும், உக்காந்தா சூப்பர்வைசர் வைவாரு. மூணு மாசம் பல்லைக் கடிச்சேன். காலேஜுல ஆண்டுவிழான்னா எங்க கிளாஸ் பொண்ணுங்களுக்கு அம்புட்டுப் பேருக்கும் நான்தான் தலை பின்னி, புடவை மடிப்பு வச்சு விடுவேன். கை அதுலதான் ஓடும். நின்னுக்கிட்டுத்தான் வேலை பாக்கணும்னா, எனக்குப் பிடிச்ச வேலைய நின்னுக்கிட்டுப் பாப்போம்னு முடிவு பண்ணினேன்.

கே.கே. நகர்ல ஒரு அகாடமி. கண்ணாடிக் கதவு, உள்ள ஏ.சி. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம், ஆறு மாசக் கோர்ஸுக்குத் தொண்ணூறாயிரம், பெட்டிச் சாமானுக்கு இருபதாயிரம்னு சொன்னாங்க. நான் வாயத் திறக்குறதுக்குள்ள, "ஒரு பிரைடல் மேக்கப் பண்ணா பத்தாயிரம்மா. மாசம் பத்து பண்ணா? நீயே கணக்குப் போட்டுக்க"ன்னாங்க. மாட்டுத்தாவணி வந்து சேருற வரைக்கும் நான் அந்த லட்சத்தைப் பன்னெண்டால பெருக்கிக்கிட்டே வந்தேன். பி.காம். படிச்சவ! ஆடியில யாரு தாலி கட்டுறா, மார்கழியில யாரு கட்டுறான்னு எனக்குத் தோணவே இல்ல. அதைவிட முக்கியமான ஒண்ணும் தோணல. நல்ல முகூர்த்தம்னா ஊருக்கே அது ஒரே நாளுதான். அன்னைக்கு மதுரையில நூறு பொண்ணு மணவறை ஏறும், எனக்கு இருக்குறது ஒரு சோடிக் கை. வருசத்துல நான் விக்கிறதுக்குன்னு இருக்குறதே அந்தக் கொஞ்ச நாளுதான்னு எனக்கு யாரும் சொல்லித் தரல, தொண்ணூறாயிரம் வாங்குனவங்களும் சொல்லல.

வீட்டுல சொன்னதும் அப்பா, "அந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாம்"ன்னாரு.

அம்மாவுக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "வாங்கலாம். வாங்கிட்டு நீங்களா சாணி அள்ளுவீங்க? நான்தான அள்ளணும். அவ படிக்கட்டும்."

அப்பா இறங்கி வந்துட்டாரு. ஆனா காசு? கையில அம்புட்டு ஏது? அப்பத்தான் அவரு, "சரி, மொய்யத் தூக்கிருவோம்"ன்னாரு.

மத்த ஊர்க்காரங்களுக்கு இது புரியாது, அதனால சொல்லிடுறேன். எங்க பக்கம் மொய்யின்னா சும்மா வாழ்த்துக்கு வைக்கிற நூத்தி ஒண்ணு இல்ல. அது வட்டியில்லாத கடன். நீ என் வீட்டு விசேசத்துக்கு ஆயிரம் போட்டா, உன் வீட்டு விசேசத்துக்கு நான் அதை வச்சு, மேல கொஞ்சம் சேத்துப் போடணும். போடலைன்னா கேப்பாங்க. வீட்டுக்கே வந்து கேப்பாங்க. அப்பா பத்துப் பன்னெண்டு வருசமா ஊரு ஊராப் போய்ப் போட்டு வச்சிருந்தாரு. அதைத் திரும்ப வாங்கணும்னா நம்ம வீட்டுல ஒரு விசேசம் நடக்கணும். எங்க வீட்டுல மிச்சம் இருந்த விசேசம் தம்பியோட காதுகுத்துதான். அவன் அப்ப ஒன்பதாவது படிச்சான், மேலுதட்டுல மீசை எட்டிப் பாத்துருச்சு. மடியில உக்கார வைக்க முடியாம தாய்மாமன் திணறிப்போனாரு. அவன் ஒரு வாரம் என்கூடப் பேசல. "உன் படிப்புக்கு என் காதுதான் கிடைச்சுச்சா?"ன்னு கேட்டான். பாவம், அவன் கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு.

விசேசத்தன்னைக்குப் பந்தல் வாசல்ல ரெண்டு மேஜை போட்டு, லேப்டாப், பிரிண்டர், மைக்குன்னு மொய்க்காரங்க உக்காந்துட்டாங்க. இப்பல்லாம் நோட்டு எழுதுறது குறைஞ்சுபோச்சு. காசை நீட்டினா ஊரு, பேரு, தொகையத் தட்டி ரசீது குடுத்துருவாங்க, பெரிய தொகையின்னா மைக்குல வாசிப்பாங்க. மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி நடக்குறப்ப அப்பாவோட அக்கா, எங்க பெரிய அத்தை, வந்து இருபத்தஞ்சாயிரம் போட்டுச்சு. மைக்குல வாசிச்சதும் பந்தியே திரும்பிப் பாத்துச்சு. அப்பாவுக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. நேராப் போய் மைக்கை வாங்கினாரு.

"எங்க அக்கா தம்பிக்கு மட்டும் செய்யல, என் மகளுக்குச் சேத்துச் செஞ்சிருக்கு. என் மக அழகுக்கலை படிக்கப் போறா. இனிமே நம்ம வகையறாவுல எந்தப் பொண்ணு மணவறை ஏறினாலும் அலங்காரம் எங்க வீட்டுப் பொறுப்பு!"

கைதட்டல் கேட்டுச்சு. நான் சாம்பார் வாளியோட பந்தியில நின்னேன். பிரஷை எப்படிப் புடிக்கணும்னுகூடத் தெரியாத அன்னைக்கே என் வேலைய மைக்குல வித்தாச்சு. வித்தாச்சுன்னா காசுக்கு வித்தாலும் பரவாயில்லயே, இனாமா! அன்னைக்கு எனக்கு அது உறைக்கல. பெருமையா நின்னேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "என் மகளுக்கு நீதான்டி"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

படிச்சேன். ஆறு மாசம் தினமும் ரெண்டு பஸ். பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட் கிடையாதுங்கிறதால போக வரச் செலவு மிச்சம், இல்லைன்னா அதுக்கும் ஒரு காது குத்தியிருக்கணும். அகாடமியில எல்லா மூஞ்சியையும் ரெண்டு நிறம் வெளுப்பாக்கித்தான் காட்டினாங்க. எங்க ஊரு வெயில்ல நின்ன கழுத்துக்கு அந்த மூஞ்சிய வச்சா மாவு தட்டுன மாதிரி இருக்கும். நான் வீட்டுக்கு வந்து அம்மா மூஞ்சியில போட்டுப் போட்டு அழிச்சுத்தான் நம்ம நிறத்துக்கு எதை எதோட கலக்கணும்னு கண்டுபுடிச்சேன். அம்மா அந்த ஆறு மாசமும் பாதி மேக்கப்போடதான் பால் கறந்துச்சு.

முடிச்சதும் கே.கே. நகர்லயே ஒரு பார்லர்ல ஏழாயிரம் சம்பளம். புருவம், வேக்சிங், பேஷியல், இடுப்பு ஒடிய வேலை. ஜவுளிக்கடையில எட்டாயிரம் குடுத்தாங்க. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் செலவு பண்ணி ஆயிரம் ரூபா கம்மியான வேலைக்கு வந்திருக்கேன்னு அப்பாகிட்டச் சொல்ல வாய் வரல. ஆனா அந்தப் பார்லர் அக்கா நல்லவுக. முகூர்த்த நாள்ல லீவு எடுத்துக்க, சொந்தமா பிரைடல் பண்ணிக்கன்னு விட்டாங்க. அதுலதான் காசு. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வர, ஒரு பொண்ணு அலங்காரத்துக்குப் பன்னெண்டாயிரம்னு என் ரேட்டு நின்னுச்சு.

நின்னு என்ன செய்ய? முகூர்த்தத்துல பாதிக்கு மேல வகையறா வாங்கிக்கிச்சு.

சித்தப்பா மக கல்யாணம், மாமன் மக கல்யாணம், பெரியம்மாவோட நாத்தனார் மக நிச்சயதார்த்தம். போன் வரும். "ஏத்தா, தேதி குறிச்சாச்சு, வந்துரு." அம்புட்டுத்தான். வர முடியுமா, அன்னைக்கு வேற வேலை இருக்கான்னு ஒரு வார்த்தை கிடையாது. போனா மணப்பொண்ணு ஒருத்தியோட முடியாது. பொண்ணோட தங்கச்சி உக்காரும். பொண்ணோட அம்மா வந்து, "எனக்கும் லேசா"ங்கும். அந்த லேசான்னா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. என் பாட்டில்ல இருந்து எடுக்குற கிரீமு லேசா ஆகுமா? ஒரு மூஞ்சிக்குச் சாமான் செலவே ரெண்டாயிரம் வரும். எல்லாம் முடிச்சுக் கிளம்புறப்ப ஒரு தேங்காய்ப் பை குடுப்பாங்க. நான் மேக்கப் பெட்டிய ஒரு கையிலயும் தேங்காயை ஒரு கையிலயும் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிப்பேன்.

இதுல கொடுமை என்னன்னா, அதே கல்யாணத்துல அப்பா வரிசையில நின்னு மொய்யும் போடுவாரு. அவுக நம்ம காதுகுத்துக்குப் போட்டது திரும்பணும்ல. அந்த மொய்க்காசுலதான் நான் படிச்சேன். படிச்ச படிப்பையும் அவுகளுக்கே இனாமாக் குடுத்துட்டு, வாங்குன காசையும் மேல சேத்து அவுகளுக்கே குடுக்குறோம். இது எந்த ஊரு நியாயம்? அம்மாகிட்டக் கத்தினேன். அம்மாவுக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா, "மைக்குல சொல்லிட்டாரே, இப்பப் போய் இல்லைன்னா உங்கப்பா மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?"ன்னு அங்கயே வந்து நிக்கும்.

ரெண்டாவது வருசம் ஒத்தக்கடையில ஒரு கடை காலியாச்சு. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல, ஒத்த ஷட்டர். சுத்தி புதுசு புதுசா வீடு, காலேஜ் பொண்ணுங்க நடமாட்டம். பாத்த அன்னைக்கே எங்க நாற்காலி, எங்க கண்ணாடின்னு மனசுக்குள்ள வச்சுட்டேன். முகூர்த்தத்தை நம்பி இருந்தா இந்த ஜென்மத்துல காசு சேராது, தினமும் ஆளு வர்ற இடத்துல சொந்தமா உக்காந்தாத்தான் படிச்சதுக்கு அர்த்தம்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. கடைக்காரரு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டாரு. என்கிட்ட முப்பத்தஞ்சு இருந்துச்சு. "ஆவணி முடியிற வரைக்கும் பாக்குறேம்மா. அப்புறம் ஒரு செல்போன் கடைக்காரன் கேக்குறான், அவனுக்குக் குடுத்துருவேன்"ன்னாரு.

அந்த ஆவணியிலயே ஒரு முகூர்த்தத்துக்கு கே.கே. நகர்ல கிளினிக் வச்சிருக்குற ஒரு டாக்டரம்மா மகளுக்கு என்னைப் பேசினாங்க. கல்யாணம், வரவேற்பு ரெண்டுக்கும் சேத்து இருபதாயிரம். அட்வான்ஸா ஐயாயிரம் கையில குடுத்தாங்க. பார்லர் பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு ஆட்டம் போட்டேன். கடை கிடைச்சுருச்சுல்ல!

அன்னைக்கு வீட்டுக்குள்ள நுழையிறப்பவே அப்பா சிரிச்ச மூஞ்சியா, "அத்தை மகளுக்குத் தேதி வச்சாச்சு"ன்னாரு. எந்த நாளுன்னு கேட்டேன். அதே நாளு.

"அப்பா, அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு. காசு வாங்கிட்டேன்."

"திருப்பிக் குடுத்துரு."

"அது கடைக்கு வச்சிருக்குற காசுப்பா."

"எங்க அக்கா மக கல்யாணம். நான் தாய்மாமன். நீ வேற எவளுக்கோ பொட்டு வைக்கப் போவியா?"

"அப்ப அத்தைக்கு மொய் போட மாட்டீங்கள்ல?"

அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. மொய் போடாம எப்படி? இருபத்தஞ்சு வாங்குனதுக்குக் கூட ஒரு ஆயிரமாவது சேத்து இருபத்தாறு வைக்கணும். தாய்மாமன் சீரு, தட்டு வரிசை, புடவை தனி. சீருக்கு அம்மாவோட சீட்டுப் பணம். மொய்க்கு? வளத்துக்கிட்டு இருந்த கிடேரிய, இன்னும் கன்னு போடாத பசுவ, விக்கிறதாப் பேசி முடிச்சுட்டாரு.

எனக்கு மூக்கு மேல கோவம் வந்துச்சு. "கிடேரியும் அவுகளுக்கு, என் கையும் அவுகளுக்கு, என் கடையும் அவுகளுக்கு. நம்மளுக்கு என்னப்பா? தேங்காய்ப் பையா? நான் அத்தைகிட்டப் பேசுறேன்."

"பேசு. நல்லாப் பேசு. பேசிட்டு அங்குட்டே உங்க அத்தை வீட்டுலயே இருந்துக்க."

பேசல. பேச எனக்கு வாய் இருக்கு, ஆனா அவரு அக்கா முன்னாடி அவரு தலை குனியிறதைப் பாக்குற தைரியம் அன்னைக்கு இல்ல. டாக்டரம்மா வீட்டுக்குப் போய் ஐயாயிரத்தைத் திருப்பிக் குடுத்து, என்கூடப் படிச்ச ஒரு பொண்ணைக் கைகாட்டி விட்டுட்டு வந்தேன். வாசல்ல செருப்பு மாட்டுறப்ப அழுகை வந்துருச்சு. மாட்டுத்தாவணி வரைக்கும் பஸ்ஸுல அழுதேன். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு வயசான அம்மா, "யாரும் தவறிட்டாங்களாத்தா?"ன்னு கேட்டுச்சு. இல்லைன்னு தலையாட்டினேன்.

நடுவுல கிடேரிய வண்டியில ஏத்துன அன்னைக்கு நான் வீட்டுல இருந்தேன். மாட்டுத் தரகரு நோட்டைக் குடுக்க, அப்பா எண்ணி வாங்கிட்டு, அவருக்குச் சேர வேண்டிய தரகைக் குடுத்து, "எண்ணிப் பாத்துக்கங்க"ன்னாரு. அது அப்பாவோட வழக்கம். நடவுக்கு வந்தவங்க, டிராக்டர்க்காரரு, யாருக்குக் கூலி குடுத்தாலும் அந்த வார்த்தைய சொல்லித்தான் குடுப்பாரு. அவுக எண்ணி முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாரு. எங்களுக்குக் குடுக்குறப்ப சட்டைப்பையில கைவிட்டு வந்ததை எடுத்துக் கசங்கலா நீட்டுவாரு, நாங்களும் எண்ண மாட்டோம்.

கல்யாணம் மேலூர் ரோட்டுல ஒரு மண்டபத்துல. விடியிறதுக்கு முன்னாடி பெட்டியோட போயிட்டேன். மனசுல அம்புட்டுக் கசப்பு இருந்தும் பொண்ணு மூஞ்சியத் தொட்டதும் கை பாட்டுக்கு வேலை பாத்துச்சு. ஏனோதானோன்னு போட என்னால முடியாது, என் வேலை அது. அத்தை மக நல்ல பிள்ளை. கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு, "மதினி, சிரிச்சா ஒட்டுன இமை விழுந்துருமா?"ன்னு கேட்டுச்சு.

"விழாது. நல்லாச் சிரி."

பொண்ணு ரெடி. நான் பெட்டிய மூடப் போறேன், அத்தை கதவைத் திறந்துக்கிட்டு மாப்பிள்ளையோட தங்கச்சியையும் அம்மாவையும் கூட்டிட்டு வந்துச்சு. "இவுகளுக்கும் போட்டு விடுடி."

"நேரம் ஆகும் அத்தை."

"ஆகட்டும். உனக்கென்ன, சும்மாதான இருக்க."

விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சவ. இருபதாயிரத்தை விட்டுட்டு வந்தவ. சும்மாதான இருக்கேனாம்! அவுக ரெண்டு பேருக்கும் போட்டேன், நல்லாவே போட்டேன். பிரஷைக் கழுவி வச்சேன். கையைக் கழுவினேன். முகூர்த்தம் முடிஞ்சு மேளச்சத்தம் அடங்கினதும் கீழ இறங்கி நேரா மொய் மேஜைக்குப் போனேன்.

எனக்கு முன்னாடி வரிசையில ரெண்டு பேரு. ஒருத்தரு பித்தளை அண்டா கொண்டு வந்திருந்தாரு. இன்னொருத்தரு மறுநாள் கறி விருந்துக்குன்னு ஒரு கிடாயப் புடிச்சு வந்து வாசல்ல கட்டிட்டு, அதோட விலையச் சொன்னாரு. கண்ணாடி போட்ட மொய்க்காரரு லேப்டாப்புல தட்டினாரு, மைக்குல இருந்தவரு வாசிச்சாரு. "கிடாய் ஒண்ணு, பத்தாயிரம் ரூபா." யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. எப்பவும் நடக்குறதுதான. காசா இல்லாம சாமானா வந்தா விலை போட்டு எழுதிக்கிருவாங்க, திரும்பச் செய்யிறப்ப அந்த விலைக்குச் செய்யணும்.

என் முறை வந்துச்சு. அப்பா பேரைச் சொன்னேன். திருவாதவூர்னு சொன்னேன்.

"தொகை எம்புட்டும்மா?"

"பொண்ணு அலங்காரம். பன்னெண்டாயிரம்."

அவரு கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "இதுல பணம், நகை, பாத்திரம்தான்மா இருக்கு. மத்தது 'இதர'ங்குற கட்டத்துல போடணும்."

"கிடாய எதுல போட்டீங்க?"

"இதரயில."

"அப்ப இதையும் அதுலயே போடுங்க."

போட்டுட்டாரு. ரசீது வந்துச்சு. மைக்குக்காரரு அண்டாவையும் கிடாயையும் வாசிச்ச அதே குரல்ல, அப்பா பேரை முழுசாச் சொல்லி, "பொண்ணு அலங்காரம், பன்னெண்டாயிரம் ரூபா"ன்னு வாசிச்சாரு. வாசிச்ச பிறகுதான் அவருக்கே என்ன வாசிச்சோம்னு தோணியிருக்கும், லேப்டாப்பை எட்டிப் பாத்தாரு. முன்வரிசையில என்கிட்ட இனாமா மேக்கப் போட்டுக்கிட்ட ரெண்டு சித்தி உக்காந்திருந்தாங்க. ஒருத்தி இன்னொருத்தி காதுல, "பன்னெண்டாயிரமா!"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு.

அத்தை மேடையில இருந்து இறங்கி வந்துச்சு. பட்டுப்புடவை சரசரன்னு வந்த வேகத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"ஏன்டி, தாய்மாமன் வீட்டுல இருந்து சீரு செய்ய வந்தியா, பில்லு போட வந்தியா?"

"கிடாய்க்கு விலை எழுதினாங்களே அத்தை, அப்ப ஒண்ணும் சொல்லலயே?"

"கிடாய் காசு குடுத்து வாங்குனதுடி!"

"நானும் காசு குடுத்துத்தான் கத்துக்கிட்டேன். அதுல இருபத்தஞ்சாயிரம் உங்க காசு. அதைத்தான் திருப்பித் தாறேன்."

அத்தை சுத்தியும் பாத்து, "எங்க இவ அப்பன்?"ன்னு யார்கிட்டயோ கேக்குற மாதிரி சத்தம் போட்டுச்சு. அன்னைக்கு முறைச்சுட்டுப் போனது ரெண்டு வருசம் எங்க வீட்டுப் பக்கமே வரல. இப்ப வருது. என் கடைக்கு வந்து தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு, கேக்காமலே காசை மேஜையில வச்சுட்டுப் போகுது.

அப்பா சமையக்கட்டுப் பக்கம் இருந்து வந்தாரு. பந்தி வேலையில இருந்திருப்பாரு, வேட்டி மடிச்சுக் கட்டியிருந்தாரு, தோள்ல துண்டு. மைக்கு அங்கயும்தான் கேட்டிருக்கும். அத்தைகிட்டப் பேசுன தைரியம் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. இவரு மட்டும் இந்தக் கூட்டத்துல என்னைக் கை நீட்டிட்டா, கடையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இப்படியே எங்கயாவது போயிருவோம்னு நினைச்சேன். அவரு என்னையும் பாக்கல, அத்தையையும் பாக்கல. மேஜைக்குப் போனாரு.

"என் பேருல என்ன ஏறியிருக்கு?"

மொய்க்காரருக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. "அலங்காரம் பன்னெண்டாயிரம்ணே. தெரியாம போட்டுட்டேன். அழிச்சிரவா?"

அப்பா மடிச்சுக் கட்டுன வேட்டிய இறக்கி விட்டாரு. உள் பனியன் பையில இருந்து கிடேரி வித்த நோட்டுக்கட்டை எடுத்தாரு. மேஜையில வைக்கல, கையிலயே வச்சிருந்தாரு.

"எதுக்கு அழிக்கணும்? செஞ்சிருக்காள்ல."

"அண்ணே..."

"நான் வாங்குனது இருபத்தஞ்சு. கூட ஒரு ஆயிரம். இருபத்தாறுல என் மக பன்னெண்டு போட்டுட்டா. பாக்கி பதினாலு. எழுதுங்க."

பதினாலாயிரத்தை எண்ணி வச்சாரு. மைக்குக்காரரு பயந்து பயந்து அதையும் வாசிச்சாரு. அத்தை மேடைக்குப் போயிருச்சு. அதுக்கு வர வேண்டியது வந்துருச்சுல்ல.

நான் பெட்டிய எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குப் பின்னாடி கை கழுவுற இடத்துக்கு வந்து நின்னேன். சாப்பிடவும் தோணல, கிளம்பவும் தோணல. அப்பா வந்தாரு. குழாயத் திறந்து மூஞ்சியக் கழுவித் துண்டால துடைச்சாரு. திட்டப் போறாருன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்"ன்னாரு.

"சொன்னா விட்டிருக்க மாட்டீங்கப்பா."

அவரு மிச்சம் பன்னெண்டாயிரத்தை எடுத்து என் முன்னாடி நீட்டினாரு. நான் வாங்காம அவரு மூஞ்சியவே பாத்தேன்.

"புடி. உன் கூலி. எண்ணிப் பாத்துக்க."

நீட்டுன கையோட அங்கயே நின்னாரு. நான் பெட்டியக் கீழ வச்சுட்டு, வாங்கி, அவரு முன்னாடியே ஒவ்வொண்ணா எண்ணினேன். சரியா இருக்குப்பான்னேன். அப்புறம்தான் அவரு நகந்தாரு.